எட்டு போட்டால் போதுமா?

பைக் லைசென்ஸ் எடுத்துவிட்டு வருகிற பையனை நம் ஊரில் யாரும் "நன்றாக ஓட்டினாயா?" என்று கேட்பதில்லை. "எட்டு போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். காலைத் தரையில் ஊன்றாமல் ஒரு எட்டு வரைந்து காட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை முடிந்தது. மறுநாளே அந்தப் பையன் பூந்தமல்லி சாலையில் தண்ணீர் லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவில் வண்டி ஓட்டலாம். சட்டம் அதற்கு மேல் அவனை எதுவும் கேட்காது.

எட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது நல்ல பயிற்சிதான். மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் பிடிக்க வேண்டும், கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடிக்க வேண்டும், திரும்ப வேண்டிய பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். இத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் எதிரே மாடு வந்தால் எப்படி நிறுத்துவது, மழை பெய்த முதல் பத்து நிமிடம் சாலை எப்படி வழுக்கும், பின்னால் மனைவியும் மடியில் குழந்தையும் இருந்தால் வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பவை எட்டில் இல்லை. அவற்றை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை பைக் குழுவில் போன மாதம் இந்தப் பேச்சு வந்தது. குழுவில் பாதிப்பேர் என்னைப்போல் ஓய்வு பெற்றவர்கள். மீதிப்பேர் பிள்ளைகள் வயதுக்காரர்கள். "சார், உங்க காலத்துல யார் கத்துக் கொடுத்தாங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். அதற்குப் பதில் சொல்லப் போனால் திருவொற்றியூரில் தொடங்கி இங்கிலாந்து வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூர் புல்லட்

ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. ஊசி தயாரிப்புக்குப் பெயர் போன ஊர் அது. 1901-ல் அங்கே முதல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1930களில் வந்தது. நமக்குத் தெரிந்த உருவத்திலுள்ள 350 சிசி புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது.

1949 முதல் அந்த வண்டிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் அவற்றை இறக்குமதி செய்தது. எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று நம் ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இவ்வளவு வண்டியைக் கப்பலில் கொண்டு வருவதைவிட இங்கேயே செய்யலாம் என்று 1955-ல் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளையும் இயந்திரங்களையும் வாங்கி, 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. 1967-ல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனியே இங்கிலாந்தில் இல்லாமல் போயிற்று. தாய் போன பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் உயிரோடு இருந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். 1994-ல் ஐஷர் நிறுவனத்தோடு இணைந்தது, 2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை வந்தது எல்லாம் பிற்காலக் கதை.

வடசென்னைக்காரர்களான எங்களுக்குச் சிறுவயதில் இந்த வரலாறெல்லாம் தெரியாது. எண் பலகை இல்லாத புது வண்டிகள் 'தட தட' என்று போவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவ்வளவுதான்.

வண்டியே வாத்தியார்

பழைய புல்லட்டை ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப் போவது தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இப்போதைய வண்டிபோல் பொத்தானை அமுக்கினால் அது கிளம்பாது. சாவியைத் திருப்பியதும் முன்னால் உள்ள அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். முள் நடுவில் நின்றால் பிஸ்டன் மேலே ஏறி நிற்கிறது என்று அர்த்தம். அப்போது இடது கைப்பிடிக்குக் கீழே உள்ள டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து அடைபட்ட காற்றை வெளியே விட்டு, கிக்கரை இன்னும் ஒரு சிறிது தள்ள வேண்டும். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, ஒரே மிதி. சரியாகச் செய்தால் ஐம்பது கிலோ ஆளும் கிளப்பலாம். அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்காலில் அந்த அடி வாங்கியவர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருந்த பாய். "தம்பி, இது கழுதை இல்ல, உதைச்சு எழுப்ப. தூங்குற ஆளை எழுப்புற மாதிரி எழுப்புங்க" என்பார். அவரிடம் வருகிற எல்லோருக்கும் இதே பாடம்தான். அவசரக்காரருக்கு வண்டியைக் கொடுக்க மாட்டார். "டீ குடிச்சுட்டு வாங்க, அப்புறம் தரேன்" என்று அனுப்பிவிடுவார்.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரல் கிடைக்காமல் தவிப்பவர்களுக்காகவே குதிகாலால் மிதிக்க ஒரு தனிச் சிறு லீவர் இருந்தது. ஜாவா, ராஜ்தூத் வைத்திருந்தவர்களுக்குக் கியர் இடது காலில். ஒருவர் வண்டியை ஒருவர் கடன் வாங்கி ஓட்டும்போது, பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து முழித்தவர்கள் ஏராளம்.

இதனால் ஒரு நன்மை இருந்தது. அன்றைய வண்டி, ஓட்டுகிறவனை யோசிக்க வைத்தது. வேகமும் குறைவு, சாலையில் கூட்டமும் குறைவு. தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்தது. பாயின் பட்டறைப் பாடம் அந்தக் காலத்துக்குப் போதுமாக இருந்தது.

1984-ல் இண்ட்-சுஸுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ் 100 என்று 100 சிசி ஜப்பானிய வண்டிகள் வந்தன. எடை குறைவு, லேசான ஒரு உதையில் கிளம்பின, ஆர்எக்ஸ் பிய்த்துக்கொண்டு பறந்தது. காத்திருக்க வேண்டிய அவசியம் போயிற்று. அதோடு பாயிடம் டீ குடித்துக்கொண்டே கற்ற பாடமும் போயிற்று.

சோழவரம்

நம்மூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை ஒரு கலையாக எடுத்துக்கொண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. ரெட்ஹில்ஸைத் தாண்டி சோழவரத்தில், உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கேதான் அவர்கள் பந்தயம் நடத்தினார்கள். பிப்ரவரி வந்தால் 'சோழவரம் ரேஸ்' என்ற பேச்சுதான். பெங்களூர், பம்பாய், கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். வெளியே தெருவில் பால் வாங்கப் போகிற ஜாவாவும் புல்லட்டும் அங்கே வேறு பிறவி எடுத்து ஓடும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறக்கப்பட்டதும் சோழவரத்தின் காலம் முடிந்தது.

சோழவரத்தில் தடத்துக்குள் ஓட்டிய எல்லோரும் தலையில் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான நாங்கள் வெறுந்தலையோடு வந்தோம். பந்தயக்காரனுக்கு ஹெல்மெட், நமக்கு எதற்கு என்ற எண்ணம். உலகம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியவர் ஒரு டாக்டர்.

லாரன்ஸும் டாக்டர் கெய்ன்ஸும்

இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் எரிக் கார்ட்னர் என்ற மருத்துவர் இருந்தார். தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கான்வாஸ் துணியும் அரக்கும் சேர்த்து ஒரு தலைக்கவசம் செய்யச் சொன்னார். 1914-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று. ஆனால் சாதாரணச் சாலையில் போகிறவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். படம் தொடங்குவதே ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில்தான். அது நிஜமாக நடந்தது. டி. இ. லாரன்ஸுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். புரோ சுப்பீரியர் என்ற விலை உயர்ந்த வண்டியை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தார். 1935 மே 13 அன்று தன் வீட்டுக்கு அருகே, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46.

அவரைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். இந்த மரணம் அவரை விடவில்லை. போர் வந்தபோது ராணுவத்தில் தகவல் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் எதிரியின் குண்டில் அல்லாமல் சாலை விபத்திலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து இங்கிலாந்து முழுக்க விளக்கை அணைத்திருந்த காலம் அது. போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னால் இருந்தவர்களுமாக 2,279 பேர் இறந்ததைக் கெய்ன்ஸ் தன் கட்டுரையில் எழுதினார். 1941-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஹெல்மெட் போட்டு அடிபட்டவர்களாக அவர் பார்த்தது ஏழே பேர். அந்த ஏழு பேருமே பிழைத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியல் அறிஞர் ஜெலட்டினால் மூளை மாதிரி செய்து, அடி விழும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். மண்டை உடையாவிட்டாலும், தலை வெடுக்கென்று சுழன்றாலே உள்ளே மூளை கிழியும் என்பது அதில் தெரிந்தது. ராணுவத்துக்குச் சரி, பொதுமக்களுக்கு? இங்கிலாந்திலேயே அது 1973-ல்தான் சட்டமாயிற்று. லாரன்ஸ் இறந்து 38 வருடம் கழித்து!

நம் ஊர்க் கதை அதைவிட மெதுவானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட் கட்டாயம் என்று சொன்னது. ஆனால் தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் என்று அறிவித்தார்கள், தளர்த்தினார்கள். பிறகு உயர் நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் மறுபடி கெடுபிடி வந்தது. அப்போதெல்லாம் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். முடி கொட்டும், காது கேட்காது, வெயிலில் தலை வேகும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் 1980களில் இறந்தார். வேகமாகப் போனவர் அல்ல. மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தது. சைக்கிள் வேகத்தில் சாய்ந்தார். தலை நடைபாதைக் கல்லில் பட்டது. உடம்பில் வேறு எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. கத்தரிக்காய்கூடச் சிதறாமல் பையிலேயே இருந்தது என்று அவர் தம்பி சொல்லிச் சொல்லி அழுதார். பிள்ளைகள் இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு காய்கறிப் பை இருக்கிறது.

ஹெல்மெட் விழுந்த பிறகு காப்பாற்றும்

ஹெல்மெட் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. அது விழுந்த பிறகு காப்பாற்றுவது. விழாமல் இருப்பது தனி வித்தை. அதைச் சொல்லிக் கொடுக்க முடியும் என்பதை முதலில் செய்து காட்டியவர்கள் லண்டன் போலீஸ்காரர்கள்.

1930களில் லண்டன் போலீஸ் வண்டிகளே அதிகமாக விபத்தில் சிக்கின. அதனால் ஹெண்டன் என்ற இடத்தில் போலீஸாருக்கு ஓட்டும் பள்ளி தொடங்கினார்கள். காட்டன்ஹாம் பிரபு என்ற பந்தய வீரரை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். சாமர்த்தியம் பெரிதல்ல, ஒழுங்குதான் பெரிது என்றார் அவர். முதலில் பார், பிறகு சாலையில் உன் இடத்தைத் தேர்ந்தெடு, பிறகு வேகத்தைக் குறை, பிறகு கியர் மாற்று, கடைசியில்தான் முடுக்கு. எந்த வளைவு, எந்தச் சந்திப்பு வந்தாலும் இதே வரிசை. பின்னர் 1955-ல் அது 'ரோடுகிராஃப்ட்' என்ற புத்தகமாக வந்தது. 1956-ல் பொதுமக்களுக்கும் இதைக் கற்பிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் கிளைகள் ஊர்தோறும் உண்டு. அனுபவசாலி ஒருவர் பின்னாலேயே தன் வண்டியில் வந்து கவனித்து, வழியில் எங்காவது நிறுத்தி, என்ன சரி, என்ன தவறு என்று சொல்வார். பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம்ம பாயைப் போல.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். 1981-ல் அறிக்கை வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ கற்றவர்கள். இரண்டு, ஆபத்து வந்தபோது பெரும்பாலோர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சறுக்கியிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை.

அந்த இரண்டாவது விஷயம் நம் எல்லோருக்கும் பொருந்தும். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிடும்" என்றுதானே நமக்குச் சைக்கிள் காலத்திலிருந்து சொல்லி வளர்த்தார்கள்? மணலிலும் திருப்பத்திலும் அது சரிதான். ஆனால் நேரான, காய்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் பலம் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் எடை முழுக்க முன்னுக்குப் போகிறது. பேருந்து பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதேதான். பின் சக்கரத்தில் எடை குறைவதால் அது சீக்கிரம் உருளாமல் நின்று சறுக்குகிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் முழுக்கப் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். பிடிக்க வேண்டியது நாம்தான்.

மைதானத்துப் பள்ளிக்கூடம்

எங்கள் குழு மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கும் போகாமல், காலி மைதானம் ஒன்றில் கூடும். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொள்வோம். சிலவற்றை உங்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் பேரன் வண்டி எடுக்கிறான் என்றால் அவனுக்கும் சொல்லுங்கள்.

முதலில் ஆமை ஓட்டம். இருபது அடி தூரத்தை யார் அதிக நேரம் எடுத்துக்கொண்டு, கால் ஊன்றாமல் கடக்கிறார் என்று பார்ப்போம். கிளட்சும் பின் பிரேக்கும் மட்டும் பேச வேண்டும். வேகமாக ஓட்டுகிறவர்கள் இதில் தோற்பார்கள், நாங்கள் கிழவர்கள் ஜெயிப்போம்.

அடுத்து நிறுத்தம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெதுவாகத் தொடங்கி இறுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நாற்பது வருடமாக முன் பிரேக்கைத் தொட்டதே இல்லை. முதல் நாள் அவர் நிறுத்திய இடத்தில் ஒரு கல் வைத்தோம். மூன்று மாதம் கழித்து அதே வேகத்தில் வந்து அந்தக் கல்லுக்கு வெகு முன்பாகவே நின்றார். வண்டியை விட்டு இறங்கிப் போய் அந்த இடைவெளியைக் காலடியால் அளந்து பார்த்தார். "இதுக்குள்ள ஒரு ஸ்கூல் புள்ளைங்க வரிசையே நிக்கும் சார்" என்றார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற கணக்கு அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

மூன்றாவது பார்வை. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தால் பள்ளத்தில்தான் இறங்குவோம். வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

நான்காவது கொஞ்சம் விசித்திரமானது. ஓடுகிற வண்டியை இடதுபக்கம் சாய்க்க இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். அதாவது ஒரு கணம் சக்கரம் வலப்பக்கம் திரும்பினால்தான் வண்டி இடப்பக்கம் சாயும். நாம் அறியாமலே சைக்கிளில் செய்வதுதான். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், பல சைக்கிள்காரர்களிடம் "எப்படித் திரும்புகிறீர்கள்?" என்று கேட்டும் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். தெரியாமல் செய்வதற்கும் தெரிந்து செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. குறுக்கே நாய் வரும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

பழவேற்காடு வரை

பயிற்சி பயிற்சி என்று மட்டும் இருந்தால் யார் வருவார்கள்? மற்ற ஞாயிறுகளில் ஊர் சுற்றுவோம். எனக்குப் பிடித்த பாதை பழவேற்காடு. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ரெட்ஹில்ஸ், சோழவரம், காரனோடை, பொன்னேரி வழியாகப் போனால் சுமார் 55 கிலோமீட்டர்தான்.

கூட்டமாகப் போவதற்கும் முறை உண்டு. எல்லோரும் அடைத்துக்கொண்டு ஒரே வரிசையில் இணையாகப் போகக் கூடாது. முதல் வண்டி பாதையின் வலது ஓரம் என்றால் அடுத்தது இடது ஓரம், அதற்கடுத்தது மறுபடி வலது. நேர் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்றால் 33 மீட்டர். முன்வண்டி ஒரு மைல் கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று மனதில் சொல்லி முடிப்பதற்குள் நாம் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் நெருங்கிப் போகிறோம் என்று பொருள். வளைவு வந்தால் ஒற்றை வரிசை.

தலைவண்டியில் வழி தெரிந்தவர். கடைசி வண்டியில் இருப்பதிலேயே அனுபவம் மிக்கவர். புதியவரை இரண்டாவதாக வைப்போம். கடைசியில் விட்டால் எங்களைப் பிடிக்க வேண்டும் என்று விரட்டி ஓட்டுவார். குழுவின் வேகம் அவர் வேகம்தான். யாராவது பின்தங்கினால் அடுத்த திருப்பத்தில் எல்லோரும் நிற்போம். "முந்திப் போறவங்களுக்கு டீ கிடையாது" என்பது எங்கள் சட்டம். இதுவரை மீறியவர் ஒருவரே, அவரும் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சோழவரம் வரும்போது பெரியவர்கள் நாங்கள் ஒரு பக்கம் திரும்பிப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று புரியாது. நின்று கதை சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் ஏரிக்கரையில் இட்லி, பிறகு டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். கல்லறை வாசலில் எலும்புக்கூட்டையே சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முதல்முறை வந்த ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, வண்டியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் போய்க் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வயதான பிறகு வண்டி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கண், காது, முட்டி எல்லாம் ஒத்துழைக்கும் வரைதான். எங்கள் குழுவில் இரண்டு பேர் டாக்டர் சொன்னதும் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் மைதானத்துக்குத் தவறாமல் வருகிறார்கள். கோடு போடுவதும், கல் வைப்பதும், "தம்பி, பிரேக்கைப் பிழிங்க, இழுக்காதீங்க" என்று கத்துவதும் அவர்கள் வேலை.

பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவர் செய்த வேலையை எட்டு போடுகிற தளத்தில் யாரும் செய்யப் போவதில்லை. பழைய வண்டியோ புதிய வண்டியோ, உங்கள் தெருவில் நன்றாக ஓட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருப்பார். நீங்களாகவே இருக்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை புது லைசென்ஸோடு வந்து நின்றால், ஒரு ஞாயிறு காலை அவனைக் காலி இடத்துக்கு அழைத்துக்கொண்டு போய் நான்கு தடவை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் பட்டையை மோவாய்க்குக் கீழே மாட்டியிருக்கிறானா, அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம்தான் ஆகும்.